பெர்பெத்துவா எழுதியதும், அவர் பெயரால் எழுதப்பட்டதும்

குழந்தை பால் குடிப்பதை மறந்துவிட்டது, எனக்கும் பால் கட்டிக்கொண்டு மார் வலிக்கவில்லை, அது கடவுள் பார்த்துச் செய்தது. இப்படி எழுதிவைத்தவர் 22 வயதுப் பெண். எழுதிய இடம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சிறை, ஆண்டு 203. மிருகங்களுக்கு முன்னால் தள்ளிக் கொல்ல வேண்டும் என்று அவருக்குத் தீர்ப்பு வந்துவிட்டிருந்தது. வேதசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களைப் பற்றி நாம் சின்ன வயதிலிருந்து எத்தனையோ கதைகள் கேட்டிருக்கிறோம், கொதிக்கும் எண்ணெய், முள் சக்கரம், சிங்கம், வானத்திலிருந்து இறங்கும் கிரீடம் எல்லாம் அதில் உண்டு, ஆனால் பால் கட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு வேதசாட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் பெயர் விபியா பெர்பெத்துவா. மார்ச் 7ஆம் தேதி, தன்னோடு கொல்லப்பட்ட பெலிசித்தாவோடு சேர்த்து நினைவுகூரப்படும் அதே பெர்பெத்துவாதான். திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டை ஒன்றையும் விடாமல் சொல்லும் குருவானவர் கிடைத்தால் ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா என்று போகும் வரிசையில் இந்த இரண்டு பெயரும் காதில் விழும். பெரும்பாலும் விழுவதில்லை. அந்தப் பெயர்கள் பூசைப் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் விட்டுவிட்டுப் போகலாம், போய்விடுகிறார்கள். நான் இவரைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் வேறு. ஆதித் திருச்சபையின் புனிதர் வரலாறுகள் எப்படி உருவாயின, எது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது, எது பிறகு மெருகேற்றப்பட்டது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் இங்கே இரண்டு பதிப்பும் நம் கையில் இருக்கிறது.

முதலில் அந்த நூல். லத்தீனில் அதை ‘பாஸ்ஸியோ’, அதாவது பாடுகளின் வரலாறு என்பார்கள். மொத்தமே 21 சின்ன அதிகாரங்கள். 3 முதல் 10 வரை பெர்பெத்துவாவே எழுதியது. 11 முதல் 13 வரை அவரோடு இறந்த சாத்தூருஸ் எழுதிய ஒரு காட்சி. முன்னுரையையும், இவர்கள் இறந்த விதத்தையும் பெயர் சொல்லாத ஒரு தொகுப்பாளர் எழுதியிருக்கிறார். ‘அவர் கையாலேயே, அவர் மனசுப்படியே எழுதிவைத்தபடி தருகிறேன்’ என்று அந்தத் தொகுப்பாளர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம் என்பதுதான் என் பதில். தொகுப்பாளரின் லத்தீன் மேடைப் பேச்சு போல நீளமாக உருளும். பெர்பெத்துவாவின் லத்தீனோ அப்புறம் இது நடந்தது, அப்புறம் அது நடந்தது என்று சின்னச் சின்ன வாக்கியமாகப் போகும். லத்தீன் உரைநடையில் வாக்கிய முடிவுக்கென்று ஒரு தாளம் உண்டு. அதை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்களும் மூன்று பேருடைய கை தனித்தனியாகத் தெரிகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று.

அப்படி என்ன குற்றம் செய்தார்கள்? இங்கே நம்மில் பலருக்கு ஒரு தவறான படம் மனதில் இருக்கிறது. ரோமப் பேரரசு முந்நூறு வருடம் இடைவிடாமல் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றது என்ற படம். அப்படி இல்லை. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடக்கே பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி, இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தேடிப் போகாதே, யாராவது குற்றம் சாட்டி அது உண்மையானால் தண்டி, நான் கிறிஸ்தவன் இல்லை என்று சொல்லி நம் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தால் விட்டுவிடு, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே என்று பதில் வந்தது. ஆகவே பேரரசு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த வேதகலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் நடவடிக்கை, 249-250இல் பேரரசர் தேசியுஸ் காலத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் நடந்ததெல்லாம் ஊருக்கு ஊர், ஆளுநருக்கு ஆளுநர் மாறியது. அக்கம்பக்கத்தார் சொல்லும் புகார், ஊரில் வந்த கொள்ளை நோய், ஆளுநரின் மனநிலை, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். கார்த்தேஜில் 180ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று சில்லி என்ற ஊரைச் சேர்ந்த 12 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அந்தப் பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று ஆளுநர் கேட்டதற்கு, பவுல் என்ற நேர்மையான மனிதரின் கடிதங்கள் என்று அவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ் சொன்ன பதில் விசாரணைக் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு கோளாறு இருப்பதை அதே கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197 வாக்கில் பிடித்துவிட்டார். மற்றக் குற்றவாளிகளைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அடிக்கிறீர்கள், எங்களை மட்டும் இல்லை என்று சொல்லும்வரை அடிக்கிறீர்களே, இது என்ன நியாயம் என்று கேட்டார். சரியான கேள்வி. பெர்பெத்துவாவின் விசாரணையைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. அங்கே யாருக்கும் அவரைக் கொல்ல ஆசையில்லை. ஒரு வார்த்தை சொல்லு, போய்விடு என்றுதான் எல்லோரும் கெஞ்சுகிறார்கள்.

செப்திமியுஸ் செவேருஸ் என்ற பேரரசர் 202இல் மதமாற்றத்தைத் தடைசெய்து ஆணையிட்டார், அதனால்தான் இந்தக் கைது என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த ஆணைக்கு இருக்கும் ஒரே ஆதாரம் மிகப் பிந்திய, கட்டுக்கதைகள் நிறையக் கலந்த ஒரு பேரரசர் வரலாற்றுத் தொகுப்பு. அந்தக் காலத்திலேயே, அந்த ஊரிலேயே வாழ்ந்த தெர்த்துல்லியன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்த ஆணையை நம்பவில்லை. கைதானவர்கள் எல்லோரும் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த புதியவர்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பேரரசரின் ஆணை தேவையில்லை, ஊர்க்காரர் ஒருவர் புகார் சொன்னாலே போதும்.

கைதானவர்கள்: பெர்பெத்துவா, ரெவொகாத்துஸ், அவரோடு அடிமையாக இருந்த பெலிசித்தா, சாத்தூர்னினுஸ், செக்குந்துலுஸ். இவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த சாத்தூருஸ் அப்போது கூட இல்லை, பிறகு தானாகவே வந்து சரணடைந்தார். பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், படித்தவர், முறைப்படி மணமானவர், கையில் பால்குடிக் குழந்தை. அப்பா, அம்மா, இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். கணவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்ப வர வேண்டும்.

அவருடைய குறிப்பு அப்பாவோடுதான் ஆரம்பிக்கிறது. காவலில் இருக்கும் மகளிடம் அப்பா வந்து மனதை மாற்றப் பார்க்கிறார்.

“அப்பா, இதோ கிடக்கிற பாத்திரம் தெரிகிறதா? இந்தச் சின்னக் குடுவை?”

“தெரிகிறது.”

“இதை இது அல்லாத வேறு பெயரால் கூப்பிட முடியுமா?”

“முடியாது.”

“அதுபோலத்தான் நானும். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா கண்ணைப் பிடுங்கிவிடுவது போல மேலே பாய்ந்தார் என்று எழுதுகிறார். அப்புறம் சில நாள் அப்பா வரவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது, கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்றும் எழுதுகிறார். எவ்வளவு வெளிப்படையான வரி! புனிதர் வரலாறு எழுதுகிறவர் யாரும் இப்படி ஒரு வரியைக் கற்பனை செய்து எழுத மாட்டார். அந்தச் சில நாளில்தான் திருமுழுக்குப் பெறுகிறார்கள், அடுத்து சிறைக்குப் போகிறார்கள்.

சிறையைப் பற்றி அவர் சொல்வதும் இதே மாதிரிதான். பயந்துபோனேன், அவ்வளவு இருட்டை நான் பார்த்ததே இல்லை, கூட்டத்தால் தாங்க முடியாத வெக்கை, சிப்பாய்கள் பணம் பிடுங்கினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையை நினைத்து வாடினேன். தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலாளிகளுக்குக் கையூட்டுக் கொடுத்து, சிறையில் கொஞ்சம் நல்ல இடத்துக்குச் சில மணி நேரம் இவர்கள் வர ஏற்பாடு செய்தார்கள். திருச்சபை தன் கைதிகளுக்காக லஞ்சம் கொடுத்தது என்பதையும் அந்த நூல் கூச்சமில்லாமல் பதிவு செய்திருக்கிறது. அங்கேதான், பசியில் துவண்டுபோன குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பிறகு குழந்தையைத் தன்னோடே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உடனே தெம்பு வந்தது, சிறை எனக்கு மாளிகையாகிவிட்டது, வேறெங்கும் இருப்பதைவிட அங்கே இருக்கவே விரும்பினேன் என்கிறார்.

விசாரணை நெருங்கும்போது அப்பா மறுபடி வருகிறார். இந்தத் தடவை கோபம் இல்லை. என் நரைத்த தலையைப் பார், உன் சகோதரர்களைவிட உன்னைத்தானே உயர்வாக வைத்தேன், உன் குழந்தையைப் பார், நீ போனால் அது பிழைக்காது என்று கையை முத்தமிட்டு, காலில் விழுகிறார். அழுதுகொண்டே தன்னை மகள் என்று கூப்பிடாமல் ‘தோமினா’ என்று கூப்பிட்டார் என்பதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். நம் ஊரில் அப்பா மகளை ‘அம்மா’ என்று கூப்பிடுவது சாதாரணம், அதனால் இதன் கனம் நமக்கு உடனே எட்டாது. தோமினா என்பது எஜமானி என்ற சொல். சட்டப்படி பிள்ளைகள் மேல் முழு அதிகாரம் இருந்த ரோமத் தகப்பன் ஒருவர் மகளின் காலடியில் கிடந்து அப்படிக் கூப்பிடுகிறார். அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன் என்கிறார் பெர்பெத்துவா. ஒரு இடத்திலும் அப்பாவைத் திட்டவில்லை.

ஆளுநர் இறந்துபோயிருந்ததால், பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ் விசாரித்தார். கிறிஸ்தவர்களுக்குப் புதைக்க இடம் கிடையாது என்று கார்த்தேஜ் மக்கள் கூச்சல் போட்டது இவர் காலத்தில்தான் என்று தெர்த்துல்லியன் வேறொரு இடத்தில் சொல்வதால், இவர் கற்பனைப் பாத்திரம் இல்லை என்று தெரிகிறது. “அப்பாவின் நரையைப் பார், குழந்தையைப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலி கொடு” என்றார். “கொடுக்க மாட்டேன்.” “நீ கிறிஸ்தவளா?” “கிறிஸ்தவள்தான்.” விசாரணை முடிந்தது. நடுவில் புகுந்து மகளைக் கீழே இழுக்கப் பார்த்த அப்பாவைத் தள்ளிப் பிரம்பால் அடித்தார்கள். அந்த அடி என் மேலேயே விழுந்தது போல இருந்தது என்று எழுதுகிறார் மகள். எல்லோருக்கும் மிருகங்கள் என்று தீர்ப்பு. குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பினார், அப்பா தர மறுத்துவிட்டார். நான் தொடக்கத்தில் சொன்ன பால் விஷயம் இந்த இடத்தில் வருகிறது.

அவர் கண்ட கனவுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானம் வரை போகும் வெண்கல ஏணி, இரண்டு பக்கமும் கத்தியும் ஈட்டியும் கொக்கியும், அடியில் ஒரு பாம்பு. அதன் தலையில் கால் வைத்து ஏறினால் தோட்டத்தில் நரைத்த மேய்ப்பர் ஒருவர் பால் கறந்துகொண்டிருக்கிறார், பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு தருகிறார், விழித்த பிறகும் வாயில் இனிப்பு இருந்தது. ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்த தம்பி தினோக்ராத்தெஸ் தாகத்தோடு நிற்கிறான், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. அக்கா நாள்கணக்கில் அழுது ஜெபித்த பிறகு வந்த கனவில் விளிம்பு இறங்கி அவன் தொப்புள் உயரத்துக்கு வந்திருக்கிறது, குடித்துவிட்டு, குழந்தைகளுக்கே உள்ள குஷியில் விளையாடப் போகிறான். கடைசிக் கனவில் அவரே ஆணாக மாறி ஓர் எகிப்தியனோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறார். கடைசியில், இதுவரை நான் எழுதிவிட்டேன், அரங்கில் நடக்கப் போவதை யார் விரும்புகிறார்களோ அவர்கள் எழுதட்டும் என்று முடித்துவிடுகிறார்.

பெலிசித்தாவுக்கு அப்போது எட்டு மாதம். கர்ப்பிணியைக் கொல்லக் கூடாது என்பது சட்டம், அதனால் தன்னை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள், உடனே வலி எடுத்தது. எட்டு மாதப் பிரசவம், கடுமையான வலி. காவலாளி ஒருவன், இதற்கே இப்படிக் கத்துகிறாயே, மிருகத்துக்கு முன்னால் என்ன செய்வாய் என்றான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்றார் பெலிசித்தா. பெண் குழந்தை பிறந்தது, கிறிஸ்தவப் பெண் ஒருவர் அதைத் தன் மகளாக வளர்த்தார். பிற்காலப் படங்களில் பெலிசித்தாவை பெர்பெத்துவாவின் வேலைக்காரியாக வரைவது வழக்கம். மூல நூலில் அப்படி எங்கும் இல்லை. அவர் அடிமை, ஆனால் பெர்பெத்துவாவின் அடிமை என்று யாரும் சொல்லவில்லை.

அரங்கு நாள், மார்ச் 7. பேரரசரின் இளைய மகன் கெத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகள். இந்தப் பெயர் முக்கியம். 211 டிசம்பரில் கெத்தாவை அவருடைய அண்ணன் கரகல்லா கொன்று, கல்வெட்டுகளிலிருந்து அவர் பெயரையே செதுக்கி எடுக்க வைத்தார். அப்படி அழிக்கப்பட்ட பெயர் இந்த நூலில் பத்திரமாக இருக்கிறது.

ஆண்களுக்கு சாத்தூர்ன் தெய்வத்தின் பூசாரி உடையும், பெண்களுக்கு செரெஸ் தேவியின் பூசாரிணி உடையும் போட்டுவிடப் பார்த்தார்கள். இதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தானே உயிரையே கொடுக்கிறோம் என்று பெர்பெத்துவா மறுத்துப் பேச, அதிகாரி விட்டுக்கொடுத்தார். பெண்களுக்கு எதிராக ஒரு முரட்டுப் பசு. வலையைச் சுற்றி அம்மணமாக உள்ளே கொண்டுவந்தபோது கூட்டமே அதிர்ந்தது: ஒருத்தி இளம்பெண், இன்னொருத்தி பிள்ளை பெற்று இரண்டு நாள் கூட ஆறாதவள், மார்பிலிருந்து பால் சொட்டுகிறது. ரத்தம் பார்க்க வந்த கூட்டம்தான், ஆனாலும் அதைத் தாங்கவில்லை. திரும்ப அழைத்துப்போய் உடை கொடுத்தார்கள். பசு தூக்கி எறிந்ததும் பெர்பெத்துவா முதலில் செய்தது, கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடியது. அப்புறம் கொண்டை ஊசியைத் தேடி அவிழ்ந்த முடியைக் கட்டிக்கொண்டார். தலைவிரி கோலம் துக்கத்துக்கு உரியது, இது துக்க நாள் இல்லை என்பது காரணம். தலைவிரி கோலம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு போய் பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

கடைசியில் எல்லோரையும் வாளால் கொன்றார்கள். பெர்பெத்துவாவிடம் வந்தவன் புதியவன், குத்து எலும்பில் பட்டது, அவர் அலறினார், பிறகு அவனுடைய நடுங்கும் கையைப் பிடித்துத் தானே தொண்டையில் வைத்துக்கொண்டார். அலறினார் என்பதைத் தொகுப்பாளர் விட்டுவிடவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சரி, இப்போது அந்த இன்னொரு பதிப்புக்கு வருவோம். சில தலைமுறைகள் கழித்து, கோயிலில் வாசிக்க வசதியாக ஒரு சுருக்கம் உருவானது. பழைய நூலுக்குக் கையெழுத்துப் பிரதிகள் மிகக் குறைவு, சுருக்கத்துக்கோ ஏராளம். இடைக்கால ஐரோப்பா முழுவதும் தெரிந்த பெர்பெத்துவா இந்தச் சுருக்கத்தின் பெர்பெத்துவாதான். அதில் முதல் மாற்றம், கணவர் வந்துவிட்டார். குடும்பப் படத்தில் ஒரு காலியிடம் யாருக்கோ உறுத்தியிருக்கிறது, நிரப்பிவிட்டார்கள். இரண்டாவது, நீதிமன்றக் கேள்வி பதில் நீண்டுவிட்டது. மூன்றாவதுதான் எனக்கு இன்றைக்கும் மனதைப் பிசைகிறது. அப்பா குழந்தையை மகளின் கழுத்தில் போட்டுக் கெஞ்சும்போது, சுருக்கத்தில் வரும் பெர்பெத்துவா குழந்தையைத் தள்ளி எறிந்து, பெற்றோரையும் ஒதுக்கி, “அக்கிரமக்காரர்களே, அகன்று போங்கள், உங்களை எனக்குத் தெரியாது” என்கிறார்.

மூலத்தில் குழந்தைக்காக வாடியவர், குழந்தை வந்ததும் சிறையையே மாளிகை என்றவர், தீர்ப்புக்குப் பிறகும் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பியவர். அந்தப் பெண்ணின் வாயில் இப்படி ஒரு வசனத்தைப் போட்டிருக்கிறார்கள். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. புனிதர் என்றால் பாசத்தை உதறியவர் என்று ஒரு வார்ப்பு அவர் மனதில் இருந்தது, அதில் இவரை ஊற்றினார். 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய புனிதர் கதைத் திரட்டிலும் இந்தத் தள்ளி எறிந்த கதைதான் போனது. ஆனால் இழப்பு பெரியது. பாசமே இல்லாத ஒருத்தி குழந்தையை விட்டுப்போவதில் என்ன இருக்கிறது? அத்தனை பாசத்தோடு ‘கொடுக்க மாட்டேன்’ என்று சொன்னதுதானே அந்தச் சாட்சியம்.

ஹிப்போ ஆயர் அகுஸ்தினார் காலத்தில் ஆப்பிரிக்கக் கோயில்களில் இவர்கள் திருநாளன்று வரலாறு வாசிக்கப்பட்டது. அவருடைய மறையுரைகள் கிடைக்கின்றன. பெர்பெத்துவா, பெலிசித்தா இரண்டு பெயரையும் சேர்த்தால் லத்தீனில் ‘முடிவில்லாத பேரின்பம்’ என்று வருவதை அவர் ரசித்துச் சொல்கிறார். ஆனால் தம்பி தினோக்ராத்தெஸ் கனவை வைத்து ஒருவர் வாதம் செய்தபோது, அந்த நூல் திருமறை நூல் வரிசையில் இல்லையே என்று எச்சரிக்கவும் செய்தார். மக்கள் அதைக் கிட்டத்தட்ட வேதாகமம் போலவே மதித்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

பிறகு மூல நூல் நூற்றாண்டுக் கணக்கில் கண்ணில் படாமல் போனது. 17ஆம் நூற்றாண்டில் ஹோல்ஸ்டேன் என்ற அறிஞர் இத்தாலியின் மோந்தே கசீனோ மடத்தில் ஒரு லத்தீன் பிரதியைக் கண்டெடுத்தார், 1663இல் அச்சானது. 1889இல் எருசலேமில் கிரேக்கப் பிரதி ஒன்று கிடைத்தது. இவர்கள் துபுர்போ என்ற சின்ன ஊரில் கைதானார்கள் என்ற விவரம் அதில் இருக்கிறது. இன்றைய துனீசியாவின் தெபூர்பா அது. 1907இல் கார்த்தேஜ் இடிபாடுகளில் தெலாத்ர் என்ற குரு தோண்டியபோது, உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றைப் பொருத்திப் பார்த்தபோது, இங்கே வேதசாட்சிகள் இருக்கிறார்கள் என்று தொடங்கி சாத்தூருஸ், சாத்தூர்னினுஸ், ரெவொகாத்துஸ், செக்குந்துலுஸ், பெலிசித்தா, பெர்பெத்துவா என்று பெயர்கள் வரிசையாக வந்தன. செக்குந்துலுஸ் அரங்குக்குப் போகவே இல்லை, அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டார். அவர் பெயரையும் மற்றவர்களோடு சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்.